கோளாம்பி மறைத்த உறுமல்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் கோயில் விழாவுக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டப்பட்ட கோளாம்பி, அதாவது கூம்பு வடிவ ஒலிபெருக்கி, தமிழ்ப் பாட்டையும் மலையாளப் பாட்டையும் எல்லையின் இருபுறத்துக்கும் சேர்த்தே ஒலித்தது.

அதற்கு முன்பே, 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கித் திருவிதாங்கூரில் மின்சாரம் பரவியதையொட்டி, சாவி முறுக்கும் கிராமபோனின் இடத்தை மோட்டார் பூட்டிய ரெக்கார்டு பிளேயர் மெல்லப் பிடித்திருந்தது. மைக் செட் தொழிலில் புழங்கிய விலை மலிந்த கருவிகளில் பெரும்பாலானவற்றில், மோட்டார் தண்டுக்கும் இசைத்தட்டைத் தாங்கும் சுழல்மேடையின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்தியது. இவ்வகைக் கருவி சட்டென்று வேகம் பிடிக்கும், முரட்டுக் கையாளலையும் தாங்கும். ஆனால் மோட்டாரின் அதிர்வு அதே சக்கரத்தின் வழியே முள்ளுக்கு ஏறி, நொடிக்கு ஏறத்தாழ 25 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த உறுமலாகப் பாட்டோடு கலந்துவிடும். கோளாம்பிக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் திறனே கிடையாது என்பதால் அந்த உறுமல் திருவிழாக் கூட்டத்தின் காதுக்கு எட்டவில்லை. எனவே மலிவுக் கருவியே போதும் என்று மைக் செட்டுக்காரர்கள் கருதியிருந்தால் அது கஞ்சத்தனமாகாது, சரியான கணக்கேயாகும்.

1970களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ஜப்பானிய ஆம்ப்ளிபையரையும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் கேரளத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. கோளாம்பி விழுங்கிய உறுமலைப் புதிய ஸ்பீக்கர் கூடத்தில் கொட்டியது. வேகத்தின் பிசகும் அப்போதுதான் உறுத்தத் தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர்களான பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் ஊர்ப்பெயரோடு மேடையேறிய பகுதியில் சுருதி என்பது சிறிய விஷயமன்று. சுழல்மேடை ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடிச் சுழன்றால் 1 கட்டையில் பாடியது 1½ கட்டையாகக் கேட்கும் என்பதும், மாலையில் மின்னழுத்தம் தாழும்போது மலிவு மோட்டார் தளர்ந்துவிடும் என்பதும், தம்புராவின் இடைவிடாத ஒலி மிகச் சிறிய தள்ளாட்டத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதும் சேர்ந்து, கருவியைத் திருத்தியாக வேண்டிய தேவையை உண்டாக்கின.

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் உயர்விலைக் கருவி எளிதில் கைக்கு வரக்கூடியதன்று. இருந்ததைத் திருத்துவதே வழி. இறுகிப்போன ரப்பர் சக்கரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும், நடுத்தண்டின் குழியைத் துடைத்து எண்ணெய் இடுவதும் எளிய பணிகள். அடியிலுள்ள பெட்டியை மாற்றுவதோ வேறு தரத்துப் பணி, உண்மையான பலனும் அதில்தான் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லென்கோ நிறுவனம் 1960களில் நடுத்தர விலைக்கு விற்ற, ரப்பர் சக்கரத்தால் சுழலும் எல்75 கருவி இதற்குச் சரியான சான்று. அதன் சுழல்மேடை ஏறத்தாழ 4 கிலோ எடை கொண்டது, மோட்டாரும் வலுவானது. ஆனால் மெல்லிய உலோகத் தகட்டில் பொருத்தி லேசான மரப்பெட்டியில் வைத்திருந்ததால் அதிர்வு தணிய இடமின்றிப் போயிற்று. ரப்பர் பட்டை கொண்டு சுழற்றும் கருவிகள் 1970களில் உயர்தரத்தின் அடையாளமாகியபோது, உறுமலுக்கான பழி முழுவதும் சக்கரத்தின் மேல் விழுந்தது.

பிற்காலத்தில் அந்த லென்கோ கருவியைப் பிரித்து, பல அடுக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த கனத்த பெட்டியில் இறுக்கிப் பூட்டி, முள்ளைத் தாங்கும் கையை மாற்றி ரெகா நிறுவனத்தின் ஆர்பி250 போன்ற மிதமான விலைக் கையைப் பொருத்தியவர்கள், பழி பெட்டிக்கே உரியது என்று காட்டினர். 1954இல் வெளிவந்து ஒலிபரப்பு நிலையங்களிலும் பணியாற்றிய கேரார்டு 301 கருவியும் அதே சக்கர முறையில் இயங்கியதுதான். இவ்வாறு திருத்திய லென்கோ பன்மடங்கு விலைக் கருவிகளோடு ஒப்பிடத் தக்கது என்று ஆர்வலர்கள் சொல்வதில் மிகை குறைவே. ஆயினும் அந்தக் கூற்று எல்லா மலிவுக் கருவிகளுக்கும் பொருந்தாது. மைக் செட்டுகளில் உழைத்த மெல்லிய தகட்டுச் சுழல்மேடைகளில் பலவற்றுக்குப் பெட்டியும் கையும் முள்ளும் மோட்டாரும் மாற்றிய பின் பழைய கருவி என்று சொல்ல மிஞ்சுவது அதிகமில்லை.