அச்சும் ஈயமும்: பழைய எஞ்சின் ஒன்றின் தாங்கிகள்

சங்க காலத்து உமணர் உப்பு ஏற்றிய வண்டியை மேடு பள்ளம் நிறைந்த நெடுவழியில் ஓட்டிச் சென்றபோது, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டி எடுத்துச் சென்றனர். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு உதவும் அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார் இந்தச் சேம அச்சையே அவனுக்கு உவமையாக்கினார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டு அது. உவமையின் நயத்தை வகுப்பில் எடுத்துரைக்கும் தமிழாசிரியர் பலர். அதனுள் அடங்கிய தொழிற் செய்தியோ அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. பாரமும் உரசலும் ஒருங்கே வந்து சேரும் இடம் அச்சு. வண்டி கெடுமானால் முதலில் அங்கேதான் கெடும் என்பதை உமணர் அறிந்திருந்தனர்.

மாட்டு வண்டியில் அச்சு நிற்கும், குடம் சுழலும். எஞ்சினில் தண்டு சுழலும், அதனைத் தாங்குவது நிற்கும். இரண்டிலும் சிக்கல் ஒன்றே. உரசும் இரு பரப்புகளும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பது எப்படி? வண்டிக்காரர் மசகு இட்டுக் காத்தார். எஞ்சின் செய்தவர்கள் இரு வழிகளைக் கண்டனர். உரசும் இடத்தில் மெல்லிய உலோகத்தை வைத்து எண்ணெய் ஊட்டுவது ஒரு வழி. உரசலையே உருளலாக மாற்றி, இடையில் குண்டுகளையோ உருளைகளையோ இடுவது மற்றொன்று. இவ்வாறு தாங்கி நிற்கும் உறுப்பைத்தான் பட்டறையில் பேரிங் என்றும் பாடநூலில் தாங்கி என்றும் சொல்கிறோம். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முயல்பவர் முதலில் எதிர்ப்படும் கேள்வியும் இதுவே: எந்த இடத்திற்கு எந்தத் தாங்கி? கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழருக்கு இக்கேள்வி தொழில் நுட்பத்தோடு நின்றுவிடுவதன்று. அவர்கள் காலடி மண்ணின் வரலாறும் அதனுள் கிடக்கிறது.

மெல்லிய உலோகத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்டன் நகரில் ஐசக் பாபிட் என்னும் பொற்கொல்லர் இருந்தார். வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு ஆகியவற்றைக் கலந்து தேநீர்க் குவளை முதலிய கலங்கள் செய்வது அவருடைய தொழில்களில் ஒன்று. 1839-ஆம் ஆண்டில் அவர் மெல்லிய உலோகப் பூச்சுடைய தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு வெள்ளீயம், 7 பங்கு ஆன்டிமனி, 4 பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செம்பு. பட்டறைத் தொழிலாளர் இதனை ‘வைட் மெட்டல்’ என்றனர். கோலாலம்பூரில் 1885-ஆம் ஆண்டு யோங் கூன் என்பவர் தொடங்கி வைத்த பியூட்டர் கலத் தொழில், இன்று ராயல் சிலாங்கூர் என்ற பெயரில் உலகறிந்து விளங்குகிறது. அந்தக் கலங்களும் இதே மூன்று உலோகங்களால் ஆனவையே. அழகுக் குவளையும் எஞ்சின் தாங்கியும் உடன்பிறப்புகள் என்றால் வியப்புத் தோன்றலாம்; உண்மை அதுதான்.

இக்கலவையின் சிறப்பு, மென்மையும் கடினமும் ஒன்றாக அமைந்திருப்பது. மெல்லிய ஈயப் பரப்பினுள் ஆன்டிமனியும் செம்பும் ஈயத்தோடு சேர்ந்து உண்டாக்கிய கடினமான மணிகள் பதிந்து கிடக்கும். மணிகள் பாரத்தைத் தாங்கும். மென்பரப்பு, எண்ணெயோடு வந்த தூசியைத் தன்னுள் புதைத்துக்கொண்டு எஃகுத் தண்டைக் காக்கும். எண்ணெய் நின்று சூடு ஏறினால் முதலில் உருகுவதும் இதுவே. ஏறத்தாழ 240 பாகை வெப்பத்தில் அது இளகத் தொடங்கும். விலை மிகுந்த தண்டு பிழைக்க, விலை குறைந்த பூச்சு தன்னை அழித்துக்கொள்ளும்.

இந்த வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? 1857-ஆம் ஆண்டில் கிள்ளானின் இராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றின் வழியே மேலேறி அம்பாங்கில் ஈயம் தேடினர். ஒரு மாத காலத்திற்குள் காய்ச்சலால் மாண்டவர் போக எஞ்சியவர் 18 பேரே என்பர். கோலாலம்பூர் எழுந்தது அந்த ஈயத்தின்மேல்தான். ஈயத்தைத் துறைக்குக் கொண்டு செல்லவே 1886-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ஏறத்தாழ 20 மைல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் அமைந்தது 1890-இல். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்தது. தாதுமண் பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் உலைகளில் உருகிக் கட்டிகளாகி உலகெங்கும் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலாயாவினுடையது. இன்ன சுரங்கத்து ஈயம் இன்ன தாங்கியில் உள்ளது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆயினும், அக்காலத்து எஞ்சின் தாங்கிகளில் இப்பள்ளத்தாக்கின் ஈயமும் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

ஈயத்தைச் சுமந்த ரெயில் பெட்டியின் அச்சும் ஈயத்தின்மேலேயே சுழன்றது என்பது இக்கதையின் சுவையான பகுதி. அக்காலத்துப் பெட்டிகளின் அச்சு முனைகள், வெண்கலத்தின்மேல் வைட் மெட்டல் பூசிய தாங்கிகளில் அமர்ந்திருந்தன. எண்ணெயில் ஊறிய திண்டு கீழிருந்து நனைத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறிப் புகையும். இத்தகைய தாங்கிகளைக் கழற்றி, பழைய பூச்சை உருக்கி நீக்கி, பரப்பைத் தூய்மை செய்து முதலில் மெல்லிய ஈயம் பிடிக்கவைத்து, பின் கலவையை வார்த்து, ஆறியபின் கடைந்து, நீலச்சாயம் தடவி எந்த இடம் தண்டில் படுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டிப் பொருத்துவது ரெயில்வே பட்டறை வேலைகளுள் ஒன்று. எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் கைப்பழக்கமே ஆசான். வார்க்கும் வெப்பம் சற்று மிஞ்சினாலும் குறைந்தாலும் பூச்சு உரிந்துவிடும்.

மலாயா ரெயில்வேயின் தலைமைப் பட்டறை, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோலாலம்பூரின் செந்தூலில் அமைந்தது. பிரிக்பீல்ட்ஸ் நிறுத்தக் களமும் ரெயில்வே குடியிருப்புகளுமாக வளர்ந்தது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற அவ்வூர் தமிழூராக மாறியதற்கு ரெயில்வேயே முதற் காரணம். எழுத்தராகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். பாதை போடவும் பட்டறையில் உழைக்கவும் தமிழகத்துத் தமிழர் வந்தனர். அதிகாரிகளின் பெயர்கள் ஆண்டறிக்கைகளில் உள்ளன. சுரண்டுகத்தி பிடித்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-இல் அமெரிக்கரின் பி-29 விமானங்கள் 49 கூடி வந்து குண்டு வீசியது இந்தப் பட்டறையைக் குறிவைத்தே. அதன் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. ஒரு நாட்டின் போக்குவரத்தை முடக்க விரும்புவோர் எங்கே அடிப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எண்ணெய் தாங்கியில் என்ன செய்கிறது என்னும் உண்மையும் ரெயில் அச்சிலிருந்தே வெளிப்பட்டது. 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரெயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தபோது, தாங்கியின் மேற்புறத்து எண்ணெய்த் துளையை அடைத்திருந்த அடைப்பான் தானாகவே வெளியே தள்ளப்பட்டது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, அதனுள் பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அதன்மேல் தானே மிதக்கிறது என்று தெரிந்தது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு வகுத்தார். நன்றாக ஓடும் தாங்கியில் உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை.

உருளும் தாங்கியோ சைக்கிளால் வளர்ந்தது. 1869-இல் பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் வென்ற சைக்கிளில் குண்டுத் தாங்கிகள் இருந்தன. 1883-இல் ஜெர்மனியின் சுவைன்பர்ட் நகரத்துப் பிரீட்ரிக் பிஷர், குண்டுகளை ஒரே அளவாக அரைத்தெடுக்கும் பொறியைச் செய்தபின் அவை மலிந்தன.

மோட்டார் சைக்கிளில் இவ்விரு வழிகளும் சந்தித்தன. போருக்குப் பின் மலாயாவில் தோட்டத் துரைமாரிடமும் போலீசாரிடமும் வழங்கிய பி.எஸ்.ஏ., நார்ட்டன், மாட்ச்லெஸ் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில், இணைப்புத் தண்டு கிராங்கைப் பற்றும் பெருமுனை, பெரும்பாலும் உருளைத் தாங்கியால் அமைந்தது. ராயல் என்பீல்டு மட்டும் வேறு வழி நடந்தது. அதன் 346 சி.சி. புல்லட்டின் பெருமுனையில் மிதக்கும் புஷ் ஒன்றை இட்டனர். எஃகு வளையம் ஒன்றின் உள்ளும் புறமும் வைட் மெட்டல் பூசி, எதனோடும் இறுக்காமல் விட்டது அது. தண்டும் சுழலும், புஷ்ஷும் அதைவிட மெதுவாகச் சுழலும். இரு எண்ணெய்ப் படலங்கள் சுமையின் வேகத்தைப் பகிர்ந்துகொள்ளும். இந்திய அரசு இராணுவத்திற்காக 1954-இல் 800 புல்லட்டுகளை வாங்கியது. மறு ஆண்டே மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 1962-க்குள் எல்லா உறுப்புகளும் அங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டபின், மிதக்கும் புஷ் மரபு வாழ்ந்தது சென்னைத் திருவொற்றியூரில்தான்.

இவ்வகை எஞ்சினைப் புதுப்பிக்க முற்படுபவர் முதலில் கவனிக்க வேண்டியது கிராங்கின் இரு பக்கத்துத் தாங்கிகள். குண்டு ஒரு புள்ளியிலும் உருளை ஒரு கோட்டிலும் பாரத்தைத் தாங்குவதால், மேலிருந்து அடிக்கும் அடிக்கு உருளையே ஏற்றது. தண்டு பக்கவாட்டில் நகராமல் நிறுத்துவதற்குக் குண்டு ஏற்றது. ஆகவே இரண்டும் ஒரே எஞ்சினில் இடம் பெறும். தாங்கியின்மேல் பொறித்த எண்ணே அதன் முகவரி. 6305 என்றால் கடைசி இரு எண்களை ஐந்தால் பெருக்க 25 மில்லிமீட்டர் உட்துளை. வெளிவிட்டம் 62, அகலம் 17. உருளைத் தாங்கிகளில் என்.யு., என்.ஜே. என வரும் எழுத்துகள் விளிம்பு எந்தப் பக்கம் உள்ளது என்பதைக் குறிப்பன. அளவு ஒன்றாயினும் ஒன்றுக்கு மற்றொன்றை இட்டால் தண்டு நிலைகொள்ளாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அங்குல அளவுத் தாங்கிகள் உண்டு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர்த் தாங்கியை ‘கிட்டத்தட்ட அதுதானே’ என்று எடுத்து வருபவர் அந்த 0.4-ஐ வீட்டுக்கு வந்துதான் அறிவார்.

அதனினும் நுட்பமானது உள்ளிடைவெளி. எஞ்சின் பெட்டி அலுமினியம், தாங்கி எஃகு. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பெட்டியை 80 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் 62 மில்லிமீட்டர்த் துளை 0.11 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து தாங்கியை எளிதில் ஏற்கும். ஆறியதும் வெளிவளையத்தை இறுக்கும். தண்டின்மேல் ஏற்றிய உள்வளையமும் சற்று விரியும். இடையில் உள்ள உருளைகள் நசுங்காதிருக்க, தொடக்கத்திலேயே சற்றுத் தளர்வான தாங்கி வேண்டும். அதனை இக்காலத்தில் சி3 என்பர். பழைய ஆங்கிலக் கம்பெனிகள் இதே குறிப்பை வளையத்தின்மேல் மூன்று சிறு வட்டங்களாகப் பொறித்தன. இரண்டு வட்டம் இயல்பான இடைவெளி. பழைய தாங்கியைத் துடைத்துப் பார்க்காமல் எறிபவர் இக்குறிப்பையும் எறிந்துவிடுகிறார். சுத்தியால் அடித்து ஏற்றுவோர் பற்றிப் பேசாதிருப்பது நன்று.

பெருமுனையைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு மிகுதி. மிதக்கும் புஷ்ஷை எடுத்துவிட்டு உருளைத் தாங்கி இடுவது இன்று பரவலான வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. உருளை சிறிதளவு எண்ணெயிலும் ஓடும். கம்பெனியே பின்னாளைய எஞ்சின்களில் உருளைக்கு மாறியது. எனினும், பழைய புஷ் தேய்ந்ததற்குப் பழி பெரும்பாலும் புஷ்ஷினுடையதன்று. அதற்கு எண்ணெய் அழுத்தத்தோடு வரவேண்டும். தண்டின் முனையிலுள்ள எண்ணெய் முத்திரை கசிந்தாலும், கிராங்கினுள் செல்லும் துளையில் கசடு அடைத்தாலும், மிதக்க வேண்டிய புஷ் உலர்ந்து பற்றிக்கொள்ளும். அந்தத் துளையைக் கம்பியிட்டுத் துப்புரவு செய்யாமல் உருளையை மாட்டுபவர், நோயைத் தொடாமல் நோயாளியை மாற்றுகிறார். சுழற்சக்கரங்களைப் பிரித்துச் சேர்த்தபின் தண்டு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் ஆடாதவாறு நேர் செய்வது இரண்டு முறைகளுக்குமே பொது. ஓடும் வண்டியாக வேண்டுவோர்க்கு உருளை தகும். அந்நாளைய எஞ்சினை அந்நாளைய எஞ்சினாகவே வைத்திருக்க விரும்புவோர், புஷ்ஷை விட்டால் அதன் எண்ணெய் அமைப்பின் பொருளையே விட்டவராவர்.

1958-இல் ஜப்பானிலிருந்து ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். ‘கப்சாய்’ என்று செல்லமாக வழங்கும் அச்சிறு வண்டிகள் உருளும் தாங்கிகளோடு வந்து, பிரிட்டிஷ் வண்டிகளைப் பட்டறை மூலைக்குத் தள்ளின. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை நிலைகுலைந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றின் குழிகளில் சில இன்று ஏரிகள். ஒன்று சன்வே கேளிக்கைப் பூங்கா. பிரிக்பீல்ட்ஸ் நிறுத்தக் களத்தின்மேல் 2001-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. செந்தூல் பட்டறையின் வேலைகள் இந்நூற்றாண்டில் பேராக்கின் பத்து காஜாவுக்குப் போயின. பெட்டிகளின் அச்சுகளில் உருளைத் தாங்கிகள் வந்து நெடுநாளாயிற்று. வைட் மெட்டல் வார்க்கும் கை வேண்டுமென்று பழைய எஞ்சின்காரர் கேட்டு வந்தால், ஓய்வு பெற்ற ரெயில்வேக்காரர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.