வேடம் கட்டுதல்

தமிழில் வேடத்துக்கு இரண்டு வினைகள் உண்டு. வேடம் போடலாம், வேடம் கட்டலாம். போட்டதை நினைத்த நேரத்தில் கழற்றிவிடலாம். பிறரை ஏமாற்றவும் அது உதவும். ‘என்னமாய் வேஷம் போடுகிறான்’ என்பது வசவு. கட்டுவது வேறு. கூத்தாடி வேடம் கட்டிவிட்டான் என்றால் விடியும்வரை அவன் அதற்குக் கட்டுப்பட்டவன். கம்ப்யூட்டரில் ஆடப்படும் ரோல்-பிளேயிங் கேம் என்ற வகையைப் பற்றி யோசிக்கப் புகும்போது இந்த வேறுபாடு உதவுகிறது. இங்கே அதை வேட ஆட்டம் என்று குறிப்பிடுகிறேன். அரை நூற்றாண்டு வயதான இந்த வகையில் ஆட்டங்கள் ஏராளமாக வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் ஆடுபவன் வேடம் போட்டுக்கொள்கிறான். மிகச் சிலவற்றில்தான் கட்டிக்கொள்கிறான். உயர்ந்தவை அந்தச் சிலவே என்பது என் எண்ணம். இதற்கான அளவுகோலை அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை. காவிரிப் படுகையிலேயே அது கிடைக்கிறது.

நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூர். அப்பர் பாடிய தலம். அங்கே சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாரும் வெல்ல முடியாத ராஜராஜேஸ்வரி என்ற அரசகுமாரியை, வயோதிகச் சித்தர் வேடத்தில் வந்த சிவன் ஆடி வென்று மணந்தார் என்கிறது தலபுராணம். இந்தக் கதையில் பக்தனுக்குக் கிடைப்பது ஒன்று. விமர்சகனுக்குக் கிடைப்பது வேறொன்று. ஆட வந்தவர் உலகத்துக்கே உடையவர். இருந்தும் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் அவருடைய குதிரையும் குதிரை போகும் வழியில்தான் போக வேண்டும். நெற்றிக்கண்ணைத் திறந்தால் பெண் கிடைக்கலாம், ஆட்டம் கிடைக்காது. வேடம், விதி, பணயம் மூன்றும் இங்கே ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. ஆட்டத்தின் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் விதி என்ற ஒரே சொல்லை நம் மொழி வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வேட ஆட்டத்தின் முழுப் பிரச்சினையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பூவனூரில் கதையாக இருப்பது மெலட்டூரில் வழக்கமாக இருக்கிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள இவ்வூரை அச்சுதப்ப நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிராமணக் குடும்பங்களுக்கு மானியமாகக் கொடுத்தார். அதனால் அச்சுதபுரம் என்றும் அதற்குப் பெயர். தியாகராஜர் காலத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாட்டிய நாடகங்கள் இங்கே பாகவத மேளாவாக ஆடப்படுகின்றன. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன்பு பிரகலாத சரித்திரம் இரவெல்லாம் நடக்கிறது. கோணங்கி வந்து தொடங்கி வைக்கிறான். நரசிம்மரின் முகமூடி வெறும் நாடகச் சாமான் அல்ல, பூசை பெறுவது. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். தூண் பிளந்து வெளிப்பட்டபின் ஆவேசம் வந்தால் பிடித்து நிறுத்துவதற்கு ஆட்கள் உண்டு. வேடம் ஆளைக் கட்டுகிறது என்பதற்கு இதைவிடப் பருண்மையான உதாரணம் வேண்டாம்.

ஆனால் மெலட்டூரில் கதை நகராது. இரணியனுக்கு மனம் மாறப்போவதில்லை. அவன் மனைவி லீலாவதியின் துயரமும் எத்தனை வருஷம் ஆடினாலும் அதே முடிவுக்குத்தான் வந்து சேரும். அங்கே விதி என்றால் தலையெழுத்து மட்டுமே.

கதை நகரும் ஆட்டம் ஒன்றும் நம்மிடம் இருந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். மேலே வைகுண்டம். வாசலை நெருங்கும்போது விழுங்கக் காத்திருக்கும் பெரிய பாம்பு. ஆடுபவனின் காய் மனித ஆத்மாவைக் குறிக்கிறது என்பதால் இதையும் ஒரு வேட ஆட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் புண்ணியம் செய்வது ஆடுபவன் அல்ல, தாயக்கட்டை. ஏணியில் ஏறியவன் எந்த நல்ல காரியமும் செய்யவில்லை; அவனுக்கு ஐந்து விழுந்தது, அவ்வளவுதான். மெலட்டூரில் வேடம் கட்டுகிறது, தேர்வு இல்லை. பரமபதத்தில் ஏற்றமும் சறுக்கலும் உண்டு, ஆனால் அவற்றுக்குப் பொறுப்பாளி இல்லை. இவை இரண்டும் பிரிந்தே கிடந்தன. அவற்றைச் சேர்க்கும் சாத்தியத்தை ஏற்படுத்தியது, எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு பொழுதுபோக்கு.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை ஆட்டத்தை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடும் பழக்கத்திலிருந்து பிறந்தது அது. ஒரு படையை நகர்த்துவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று ஆக்கியதுதான் புதுமை. நடுவில் ஒருவர் உட்கார்ந்து உலகத்தை விவரிப்பார். தாயம் உருட்டி விளைவைச் சொல்வார். அவர் பாதி சூத்திரதாரி, பாதி கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் வந்தபோது இரண்டாவது பாதியை உடனே எடுத்துக்கொண்டது. 1975லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கம்ப்யூட்டரில் ‘பெடிட்5’ என்ற ஆட்டம் இருந்தது. பாட சம்பந்தமான கோப்பு போலத் தோன்றும் பெயர் அது. கண்டுபிடித்த நிர்வாகம் அழித்தது. 1981இல் ரிச்சர்ட் காரியட்டின் ‘அல்டிமா’, கிரீன்பெர்க், வுட்ஹெட் இருவரின் ‘விசார்ட்ரி’ இரண்டும் வந்து வகையின் இலக்கணத்தை நிறுவின. பலம் இத்தனை, புத்தி இத்தனை, காசு இத்தனை என்று எல்லாம் எண்கள். எதிரியைக் கொன்றால் அனுபவம் கூடும். அனுபவம் என்ற சொல் எண்ணாகிவிட்ட இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணைக் கணக்கில் கண்டுமுதல் ஏறுவதுபோல வீரனின் கணக்கில் எண் ஏறியது. சூத்திரதாரி வெளியேறிவிட்டான், கணக்குப்பிள்ளை தங்கிவிட்டான். இன்றுவரை விற்பனையில் கொழிக்கும் ஆட்டங்கள் பல இந்தக் கணக்குப்பிள்ளையின் வாரிசுகளே. உலகம் பெரிதாகிறது, படம் நேர்த்தியாகிறது, எண் ஏறுகிறது. ஆடுபவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை.

கணக்குப்பிள்ளையைக் கொண்டே அவனை வென்றது 1985இல் வந்த ‘அல்டிமா’ வரிசையின் நான்காவது ஆட்டம். அதில் கடைசியாகக் கொல்ல வேண்டிய அரக்கன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம் என எட்டு அறங்களில் தேறுவதே இலக்கு. தேறியவனுக்குக் காரியட் வைத்த பெயர் அவதார். சமஸ்கிருதச் சொல் எப்படி எங்கே போய்ச் சேருகிறது என்று வியக்கலாம். ஆனால் முக்கியம் சொல் அல்ல, ஒரு கடைதான். அந்த ஆட்டத்தில் மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்பவள் பார்வையற்றவள். விலையைச் சொல்வாள், நாம் எத்தனை காசு வைக்கிறோம் என்று நாமே தட்ட வேண்டும். குறைத்து வைத்தால் அவளுக்குத் தெரியாது. சரக்கு கிடைத்துவிடும், காசு மிஞ்சும். திரையில் கண்டனம் எதுவும் தோன்றாது. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் நேர்மையின் எண் மட்டும் இறங்கும். நெடுநாள் கழித்து, தேர்ச்சி கிட்டாமல் நிற்கும்போதுதான் ஏன் என்று யோசிக்க நேரும். பரமபதத்தின் ஏணியும் பாம்பும் இங்கே தாயக்கட்டையிடமிருந்து ஆடுபவனின் கைக்கு மாறிவிட்டன. எண் அதே எண்தான். ஆனால் செய்தது செய்தவனிடம் ஒட்டிக்கொள்கிறது. வேடத்துக்கு நூல் கட்டியாயிற்று.

நூல் இன்னும் இறுகியது 1997இன் ‘ஃபால்அவுட்’டில். அணுப் போருக்குப் பின் பூமிக்கடியில் ஒளிந்து வாழும் ஒரு சமூகம். அவர்களுடைய தண்ணீர் இயந்திரத்தின் ஒரு சில்லு கெட்டுவிடுகிறது. மாற்றுச் சில்லைத் தேடி ஒருவன் வெளியே அனுப்பப்படுகிறான். கெடு 150 நாள். நீண்டகாலச் சம்பா நெல்லுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் காத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இந்தக் கெடுவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வியாபாரிகளுக்குப் பணம் கொடுத்து மேலும் 100 நாள் வாங்கலாம். ஆனால் அந்த வண்டிகளின் போக்குவரத்து மறைவிடத்தை எதிரிகளுக்கு விரைவில் காட்டிக்கொடுக்கும். கருணையோடு செய்த காரியமே ஆபத்தைக் கிட்டே கொண்டுவருகிறது. எல்லாம் முடிந்து வீடு திரும்புபவனை, வெளியுலகைப் பார்த்தவன் இளைஞர்களைக் கெடுத்துவிடுவான் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு ஊர் இல்லை. இந்த இடத்தில் எண் ஏதும் பேசுவதில்லை. சூத்திரதாரி திரும்பி வந்துவிட்டான்.

இனி இந்த வகையின் பெரிய பொய்க்கு வருகிறேன். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுபவன் தன் ‘கிளாஸை’த் தேர்ந்துகொள்கிறான். வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. ஆங்கிலத்தில் வர்க்கத்துக்கும் அதே சொல்தான். தஞ்சைப் படுகையில் மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்ற பட்டியல் இருந்தது. யாரும் தேர்ந்துகொண்டதில்லை. மெலட்டூரிலும் மரபுப்படி வேடம் கட்டுவோர் அவ்வூர்ப் பாகவதக் குடும்பங்களின் ஆண்களே. நரசிம்மரின் முகமூடி யார் முகத்துக்குப் பொருந்தும் என்பது ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே முடிவாகிவிட்டது. வயலில் இறங்கியவனுக்கு வாழ்க்கை கொடுத்திருந்த வேடத்தை அவிழ்க்கும் உரிமை கிடையாது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்துவதற்குத்தான்.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பகையில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே மிகுதி. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய் வீடு கொளுத்தினார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்பட தீர்ப்பு பேசியது. ஒரு மனிதன் என்ன செய்யக்கூடும் என்பதை அவன் செய்ததிலிருந்து முடிவுசெய்யாமல் அவன் வேடத்திலிருந்து முடிவுசெய்வது இது. மூலிகைக் கடைக்காரிக்கு நேர் எதிர். அங்கே செயல் ஆளோடு ஒட்டுகிறது. இங்கே ஆளின் உடுப்பு செயலைத் துடைத்துவிடுகிறது.

ஒரு பொழுதுபோக்கின் பக்கத்தில் வெண்மணியை வைப்பது தகுமா என்று கேட்கலாம். தகும் என்றே நினைக்கிறேன். பிறன் தோலுக்குள் நின்று பார்க்கும் திறமை இலக்கியத்தின் தனிச்சொத்து என்றிருந்தோம். வேட ஆட்டம் அதைவிட ஒருபடி கூடுதலாகக் கேட்கிறது; பார்ப்பது போதாது, அவன் இடத்தில் நின்று ஒன்றைச் செய்ய வேண்டும், செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். இதை உணர்ந்த ஆட்டங்கள் வேடத்தின் உச்சாணியிலிருந்து இறங்கிவந்தன. எஸ்டோனியர்கள் உருவாக்கி 2019இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலீசியம்’ துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே ஒரு கொலையை விசாரிக்கிறது. விசாரிப்பவன் குடித்து நினைவிழந்த போலீஸ்காரன். வழக்கமான சண்டைமுறை இல்லை. அவனுடைய 24 திறமைகளும் எண்களாக ஓரத்தில் கிடக்காமல் மண்டைக்குள் குரல்களாகப் பேசுகின்றன, ஒன்றையொன்று மறுக்கின்றன. கணக்குப்பிள்ளையின் ஏடே நாடகமாகிவிட்டது. இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. பைரோடேக்டில் என்ற சிறு நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’, பழைய இந்தியாவை ஒத்த, பஞ்சம் சூழ்ந்த ஒரு நாட்டில் நடப்பது. வீரனின் வேடத்தை விட்டு, கட்டாயக் கல்யாணத்தில் சிக்கும் கிராமத்துப் பெண்ணின் வேடத்தை அது கொடுத்தது. அவள் கையில் வாள் இல்லை. பேசலாம், பணியலாம், மறுக்கலாம், ஓடலாம். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

தமிழ்ப் பெயரோடு வந்த ‘வெண்பா’ 2023இல் டொராண்டோவிலிருந்து வந்தது. இலக்கணப்படி அது வேட ஆட்டம் அல்ல. 1988இல் தொடங்கும் ஒரு குடும்பத்தின் சமையல் கதை. ஆனால் அம்மாவாக ஆடிக்கொண்டிருப்பவன் ஒரு கட்டத்தில் மகனாக மாற வேண்டும். அதுவரை கைவந்த மொழி அப்போது கை நழுவுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சிறு ஆட்டம், நூறு மணி நேரம் ஓடும் பல பிரம்மாண்டங்களைவிட வேடத்தின் பாரத்தை நன்றாக அறிந்திருக்கிறது.

ஆகவே ஒரு வேட ஆட்டத்தை எடைபோட அதன் உலகத்தின் பரப்பையோ முடிவுகளின் எண்ணிக்கையையோ கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவை மூன்று. சதுரங்க வல்லபநாதரைப் போல, பலசாலியும் அதன் விதிக்குக் கட்டுப்படுகிறானா? மூலிகைக் கடையில்போல, யாரும் பார்க்காத இடத்தில் செய்தது செய்தவனைப் பின்தொடர்கிறதா? பிறப்பு பூட்டிவிட்ட வேடத்தை அவிழ்ப்பதற்கு என்ன விலை என்று சொல்கிறதா? மூன்றாவது கேள்விக்குத் துணிந்த ஆட்டங்கள் மிகக் குறைவு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்பதா வேண்டாமா என்று ஒரு பண்ணையாளின் வேடத்தில் நின்று தீர்மானிக்க வைக்கும் ஆட்டத்தைத் தஞ்சாவூர்க்காரன் யாராவது செய்தால், எண்களை எங்கே வைப்பது என்று அவன் யோசித்தாக வேண்டும். கூலி எண்தான். 44ம் எண்தான்.