ஒரு பெட்டி, இரண்டு ஆட்சி



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்தும்போதெல்லாம், "ஒரே மாகாணத்தில் இரண்டு ஆட்சி எப்படி ஐயா நடக்கும்?" என்று மாணவர்களுள் ஒருவன் எழுந்து கேட்பது வழக்கம். நிதியும் காவலும் ஆளுநர் பக்கம். கல்வியும் சுகாதாரமும் அமைச்சர் பக்கம். இவ்வாறு 1920 முதல் 1937 வரை சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி நடைபெற்றது. பணப்பெட்டியின் சாவி ஒருவரிடமும், பள்ளி கட்டும் பொறுப்பு மற்றொருவரிடமும் இருந்தால் வேலை எவ்வாறு நடந்திருக்கும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

இன்று நான் கூற வந்ததும் ஓர் இரட்டை ஆட்சியின் வரலாறே. அது நடந்த இடம், மேலப்பாளையத்தில் என் வீட்டு மேசைமேல் இருந்த ஒரு கணிப்பொறி.

கணிப்பொறி தானாக எதனையும் அறியாது. எந்த விசை அழுத்தப்பட்டது, திரையில் எதனைக் காட்டுவது, வட்டில் எவ்விடம் காலியாக உள்ளது என்பன போன்ற செயல்களையெல்லாம் மேற்பார்க்க ஒரு நிரல் தொகுதி வேண்டும். அதனையே இயங்குதளம் என்கிறோம். பொறி நாடு என்றால், இயங்குதளம் அதன் அரசு. ஓர் உறையில் இரு வாள் தங்காது என்பது நம் பழமொழி. ஆயினும் ஒரு பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் தங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஆள வேண்டும் என்பதே அங்குள்ள விதி.

இவ்விதி பிறந்த கதையைக் கேளுங்கள். 1981 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கென மூன்று இயங்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பி.சி. டாஸ் என்பதன் விலை 40 டாலர்; சி.பி.எம்.-86 என்பதன் விலை 240 டாலர். மக்கள் எதனை வாங்கினார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ? எனினும் அக்காலத்தில் ஒருவர் இரண்டையும் வைத்துக்கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. இயங்குதளம் நெகிழ்வட்டில் இருந்தது. எந்த வட்டைச் செருகுகிறோமோ, அதுவே அன்றைய அரசு.

1983 மார்ச்சில் அந்நிறுவனத்தின் எக்ஸ்.டி. என்னும் பொறி வந்தபோது நிலைமை மாறியது. அதனுள் 10 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. கழற்றி மாற்ற இயலாத இடத்தில் எந்த அரசைக் குடியேற்றுவது? பொறியாளர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். தட்டின் முதற்கூற்றில் உள்ள 512 பைட்டுகளில் 64 பைட்டுகளை ஓர் அட்டவணைக்கென ஒதுக்கினார்கள். நம் ஊரில் ஒரு நிலத்தை மனைகளாகப் பிரித்துப் பட்டா எழுதுவதுபோல, அந்தத் தட்டை நான்கு பகுதிகள் வரை பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கமும் அளவும் அதில் குறிக்கப்பட்டன. இன்று எது ஆளும் பகுதி என்பதற்கும் ஓர் அடையாளம் இடப்பட்டது. தம் இயங்குதளமே என்றும் நிலைக்கும் என்று கருதாமல், வேறொன்று வந்து குடியிருக்கவும் இடம்விட்ட அந்தச் செயல் பாராட்டத்தக்கது.

இனி என் வீட்டிற்கு வருவோம். மேலப்பாளையம் தறி ஓசைக்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருவதைக் கண்டு, முதிய நெசவாளர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றை எழுதத் தொடங்கினேன். 1999ஆம் ஆண்டு விண்டோஸ் 98 இயங்குதளத்துடன் ஒரு கணிப்பொறி வாங்கி, மாலை நேரங்களில் அந்தக் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்தேன். இரண்டு ஆண்டுகளில் பதினொரு அத்தியாயங்கள் சேர்ந்தன.

அன்றைய தமிழ்த் தட்டச்சில் ஒரு சிக்கல் இருந்தது. ஓர் எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. முற்பாதியில் ஆங்கில எழுத்துகள் அமர்ந்திருக்கும். பிற்பாதியில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமர்த்தியது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழூ' வைத்தார். ஆகவே ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இதனைச் சீர்செய்யவே 1999இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடி, தமிழக அரசும் பொதுவான விசைப்பலகையையும் எழுத்துருத் தரத்தையும் அறிவித்தது. நானோ அதற்கு முன்பே வழக்கில் இருந்த ஓர் எழுத்துருவில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

2003ஆம் ஆண்டு கல்லூரியில் சேர்ந்த என் மகளுக்கு விண்டோஸ் எக்ஸ்பி தேவைப்பட்டது. 2001இல் வெளிவந்த அந்தத் தளம் தோற்றத்தில் பழையதைப் போன்றது. பிறப்பில் வேறு குலம். விண்டோஸ் 98 பழைய டாஸின் வழிவந்தது, எக்ஸ்பி, என்.டி. என்னும் வேறு வழியில் பிறந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறி முறையில் தமிழைக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. ஆயின் என் பழைய தட்டச்சு மென்பொருள் அதில் இயங்க மறுத்துவிட்டது.

பழையதை அழித்துவிடலாம் என்றார் பழுதுபார்க்க வந்தவர். என் பழைய மாணவர் ஒருவர் தடுத்தார். "சார், ரெண்டையும் வச்சிக்கிடலாம். பழசை முதல்ல போடணும், புதுசை அப்புறமாப் போடணும்" என்றார். காரணத்தையும் விளக்கினார். பின்னர் வருவதே தொடக்கக் கூற்றைத் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளும். முன்னோர் இருந்ததைப் புதியது அறியும். பின்னால் ஒன்று பிறக்கும் என்பதைப் பழையது அறியாது. வரலாறு படிப்போர்க்கு இது புரியாத செய்தியா?

தட்டு மூன்று பகுதிகளாயிற்று. ஒன்றில் 98, மற்றொன்றில் எக்ஸ்பி, மூன்றாவது இரண்டிற்கும் பொது. எக்ஸ்பி தனக்கென்று அமைத்துக்கொண்ட என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையை 98ஆல் படிக்க முடியாது. ஆகவே பொதுப் பகுதியை இரண்டும் படிக்கக்கூடிய பழைய முறையில் அமைத்தோம். தாமிரபரணியின் ஒரு கரையில் நெல்லையும் மறு கரையில் பாளையங்கோட்டையும் இருக்க, 1843இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இரண்டையும் இணைத்ததன்றோ? அப்பாலம்போல் அந்தப் பொதுப் பகுதி எங்களுக்குப் பயன்பட்டது.

பொறியை முடுக்கினால் கருந்திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும். தேர்ந்தெடுக்க முப்பது விநாடி தரப்படும். பேசாதிருந்தால் புதியதே ஆட்சிக்கு வரும். மகள் புதியதில் படித்தாள். நான் பழையதில் எழுதினேன். ஒவ்வோர் அத்தியாயமாக ஒருங்குறிக்கு மாற்றவும் தொடங்கினேன். பத்து அத்தியாயங்கள் மாறின. மாற்றியவற்றை அச்சிட்டு, குறுவட்டிலும் பதிந்து வைத்தேன். பதினோராவது அத்தியாயம் எஞ்சியது. குழித்தறியின் உறுப்புகளுக்கும், பாவு ஓட்டும் முறைகளுக்கும் எங்கள் ஊரில் வழங்கிய பெயர்களை ஒரு முதியவர் சொல்லச் சொல்ல எழுதியது அது. "இரண்டு தளமும்தான் இருக்கின்றனவே, பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டேன்.

2008ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் வன்தட்டு கிறீச்சிட்டு நின்றது. அப்போதுதான் என் அறியாமை எனக்கு விளங்கியது. இரண்டு அரசுகள் இருந்தன; ஆனால் இருந்த நிலம் ஒன்றே. நிலம் போனதும் இரண்டும் போயின, பாலமும் போயிற்று. இரண்டு இயங்குதளம் வைத்திருப்பது இரண்டு படி வைத்திருப்பது ஆகாது. அந்த முதியவர் அதற்கு ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். அவர் மகனைத் தேடிச் சென்றேன். தறியை விட்டுப் பல ஆண்டுகளான அவர், நெடுநேரம் நினைத்துப் பார்த்துப் பாதிப் பெயர்களைச் சொன்னார். மீதிப் பெயர்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. பிழை பொறியினுடையது அன்று, என்னுடையது.

இந்த அனுபவத்தோடு நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், 2011 செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. பின்னது சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதன் முதற்பதிப்பு 2007இல் வந்தது. வீட்டில் முதன்முறையாகக் கணிப்பொறியைக் காணும் பிள்ளைகளின் கையில் ஒன்றல்ல, இரண்டு அரசுகள் ஒருங்கே வந்து சேர்ந்தன. சில நாள்களில் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். "எதுக்கு சார் ரெண்டு? ஒண்ண அழிச்சா படம் வைக்க இடம் கெடைக்கும்லா!" என்றான்.

அவனுக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவரின் கதையைச் சொன்னேன். 1991இல் அவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் மினிக்ஸ் என்னும் தளத்தை வைத்துக்கொண்டு, அதன் துணையால் தம் சொந்தத் தளத்தை எழுதிவந்தார். ஒரு நாள் தவறுதலாக மினிக்ஸ் இருந்த பகுதியைத் தாமே கெடுத்துக்கொண்டார். அதனை மீண்டும் நிறுவாமல், தாம் எழுதிய லினக்ஸையே முழுமையாக்க முனைந்தார். அவர் இழந்ததைத் தாங்கும் அளவிற்கு வேறொன்றைக் கட்டி வைத்திருந்தார். "நீ என்ன கட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். மாணவன் சிரித்தான். அழிக்கும் முன் இரண்டாவது தளத்தை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றான்.

செல்வங்களே, அரசுகள் நிலைப்பதில்லை. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006இல் முடிந்தது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் பொது ஆதரவு முடிந்தது. இன்று ஒரு தளத்திற்குள் மற்றொன்றை விருந்தினராக அமர்த்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கும் மெய்நிகர்ப் பொறிகளும் உண்டு. வசதி பெருகியிருக்கிறது, கடமை குறையவில்லை. ஆட்சி மாறும்போது ஆவணம் அழியாமல் காப்பதே வரலாற்று மாணவனின் முதற்கடமை. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆகவே எழுதுவதை எல்லாத் தளங்களும் படிக்கும் பொது முறையில் எழுதுங்கள். ஒரு படியை வேறு ஓரிடத்தில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் பாட்டனாரோ பாட்டியாரோ சொல்லக் காத்திருக்கும் சொற்கள் உண்டு. அவற்றை இன்றே எழுதுங்கள். எழுதியதை இன்றே இரண்டு இடத்தில் வையுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லால் ஓர் அத்தியாயத்தை இழந்தவன் சொல்கிறேன்.