சாம்பலுக்கடியில் ஒரு பண்ணைவீடு

அழிந்த நகரங்களுக்குக் கதைசொல்லிகள் வாய்த்துவிடுகிறார்கள். கைவிடப்பட்ட ஒரு குடியானவனின் வீட்டுக்கு அந்தப் பேறு எளிதில் கிட்டுவதில்லை. கூரை இறங்கும், சுவர் கரையும், சில தலைமுறைகளில் அது புல் மூடிய மேடாகிவிடும். இதற்கு விலக்காக, ஐஸ்லாந்தின் தென்பகுதியில் தியோர்சார்தாலூர் என்னும் பள்ளத்தாக்கில் ஒரு வீடு இருக்கிறது. பெயர் ஸ்டோங். ஹெக்லா எரிமலையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. மரமற்ற அந்த வெளியில் ஒருகாலத்தில் சுமார் இருபது பண்ணைகள் இருந்தன என்பதை நம்புவது கடினம்.

1939ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பா போரின் வாசலில் நின்ற நாட்களில், வடநாட்டு ஆய்வாளர்கள் சிலர் கூடி இப்பள்ளத்தாக்கை அகழ்ந்தனர். ஸ்டோங்கைத் தோண்டும் பொறுப்பு ஆகே ரூசல் என்ற டேனிஷ் கட்டடக் கலைஞருக்கு. உடன் உழைத்த இளைஞர்களில் கிறிஸ்டியான் எல்டியார்ன் பிற்காலத்தில், 1968 முதல் 1980 வரை, அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மண்வெட்டி பிடித்த கை நாட்டை ஆண்டது என்பது நமக்கு இனிய செய்தியே.

அவர்கள் கண்டது அரண்மனையன்று. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி எழுப்பிய தடித்த சுவர்கள், நடுவில் தீ வளர்க்க இடம் விட்ட நீள் கூடம், அதன் இரு பக்கமும் மக்கள் அமரவும் உறங்கவும் அமைந்த மேடைகள், அடுத்து ஒரு சிறு கூடம், பின்புறம் பால்பண்டங்களைச் சேமிக்கும் அறை. பெரிய மரத்தொட்டிகள் நின்ற தடம் அவ்வறையின் தரையில் பதிந்திருந்தது. தொட்டி மட்கிப் போயிற்று; அதன் வட்டம் மட்டும் தங்கிவிட்டது. வெளியே கொல்லுப்பட்டறை ஒன்றும், மாடுகளைப் பிரித்துக் கட்ட நிறுத்திய கற்பலகைகளோடு ஒரு தொழுவமும் இருந்தன. இன்னோர் அறையில் சுவரோரமாகக் கல் பாவிய கால்வாய்கள். அது உணவைக் குளிர்ச்சியாக வைக்கும் அறை என்று முதலில் எண்ணினார்கள். கழிப்பறை என்று பின்வந்தோர் படித்தார்கள். கல் மாறவில்லை, படிப்பவர் மாறினார்.

இப்படி மாறியவற்றுள் முக்கியமானது காலக்கணக்கு. ஸ்டோங்கை மூடியது ஹெக்லா உமிழ்ந்த வெளிறிய சாம்பல். எரிமலைச் சாம்பல் அடுக்குகளையே நாட்காட்டியாகக் கொள்ளும் முறையை வளர்த்தவர் சிகுர்துர் தோராரின்சன். ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலும் தனக்கென ஒரு நிறமும் வேதியியற் கூறும் கொண்டது. அடுக்கை அடையாளம் கண்டால் அதன் மேலும் கீழும் கிடப்பவற்றின் வயது தெரியும். 1944இல் வெளிவந்த தம் முனைவர் பட்ட ஆய்வில் அவர் இவ்வெளிறிய அடுக்கை 1300ஆம் ஆண்டு வெடிப்புக்கு உரியதாகக் கொண்டார். பின்னர் தாமே அதைத் திருத்தி 1104 என்றார். ஒரு வீட்டின் மரணம் ஒரே வரியில் இரண்டு நூற்றாண்டு பின்னே சென்றது. தாம் உருவாக்கிய முறையைக் கொண்டே தம் முடிவை மறுக்கும் அறிஞரைக் காண்பது அரிது. நாம் அவரை வணங்கத்தான் வேண்டும்.

1104 என்றதும் கதை தானே எழுதிக்கொண்டது. மனிதர் குடியேறிய பின் ஹெக்லா வெடித்த முதல் வெடிப்பு அது. சாம்பல் பொழிந்தது, மக்கள் ஓடினர், பள்ளத்தாக்கு ஒரே நாளில் பாழாயிற்று. வடக்கின் பொம்பேயி என்று பெயர்கூடச் சூட்டினார்கள். ஆனால் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வில்யால்முர் ஓர்ன் வில்யால்ம்சன் ஸ்டோங்கை மீண்டும் தோண்டினார். ரூசல் கண்ட வீட்டுக்கு அடியில் அதற்கும் மூத்த கூடம் இருந்தது. அருகே ஒரு சிறு தேவாலயமும் இடுகாடும் வெளிப்பட்டன. 1104க்குப் பிறகும், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே மனிதர் வாழ்ந்தனர் என்பது அவர் வாதம்.

அப்படியானால் அவர்கள் ஓடவில்லை. சாம்பலைத் தள்ளிவிட்டு இருந்து பார்த்தார்கள். நம் கவனத்துக்குரியது இந்த இருந்து பார்த்தலே. குடியேறிய காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் இடையே காடு இருந்ததாக 12ஆம் நூற்றாண்டில் அரி தோர்கில்சன் எழுதிவைத்தார். அந்தப் பிர்ச் மரங்கள் விறகாகவும், இரும்பு உருக்கும் கரியாகவும் போயின. முளைத்த தளிரை ஆடு மேய்ந்தது. மரம் பிடித்து வைத்திருந்த மெல்லிய மண்ணைக் காற்று கொண்டுபோயிற்று. காடுள்ள நிலம் சாம்பலை உள்வாங்கிக்கொள்ளும்; வெற்று நிலத்தில் சாம்பல் அலைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஸ்டோங்கைக் கொன்றது எரிமலையா, கோடரியா என்று ஒற்றை விடை கேட்பது பிழை. பெருங்கேடு ஒரு நாளில் வருகிறது; ஊரைக் கைவிடும் முடிவோ பல பனிக்காலங்களில் கனிகிறது.

இலக்கிய வாசகர்க்கு இவ்வீட்டில் இன்னொரு உறவும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்தவனாகச் சொல்லப்படுபவன் கௌகுர் திராந்தில்சன். தன்னுடன் வளர்ந்த சகோதரன் கையால் அவன் மாண்டதை நியாலின் கதை போகிற போக்கில் குறிப்பிடுகிறது. அவனுக்கென்றே தனிக் கதையும் இருந்தது. மோத்ருவல்லபோக் என்னும் 14ஆம் நூற்றாண்டுச் சுவடியில், கௌகுர் கதையை இவ்விடத்தில் எழுதுக என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதப்படவில்லை. கதை தொலைந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவின் மேஸ்ஹவ் கல்லறையில், 12ஆம் நூற்றாண்டில் எவனோ ஒருவன், கௌகுருக்கு உரிமையாயிருந்த கோடரியால் தான் எழுத்து வெட்டியதாகப் பெருமை பேசியிருக்கிறான். அவ்வளவே மிச்சம்.

1957இல் ஸ்டோங்கின் சுவர்களுக்கு மேல் காப்புக் கூரை போட்டார்கள். 1939இல் வெளிப்பட்ட வீட்டை முன்மாதிரியாகக் கொண்டு, சற்றுத் தொலைவில் கட்டிய புதிய பண்ணைவீடு 1977இல் திறக்கப்பட்டது. புதிய வீட்டில் நுழைபவர் ஒரு முடிந்த பதிலைக் காண்கிறார். பழைய வீட்டிலோ கேள்வி இன்னும் மண்ணோடு கிடக்கிறது. அங்கே பிழையாகப் படித்தவர்களுக்குத் திருத்திப் படிக்க மண் இருந்தது. எழுதப்படாமல் போன கதைக்கு அந்த வாய்ப்பில்லை. படியெடுப்பவன் சோம்பிய ஒரு நாள், எரிமலையால் ஆகாததைச் செய்துவிட்டது.