டார்க் சோல்ஸ்: வாங்கியவர்களே பழுது பார்த்த கேம்

கம்ப்யூட்டருக்கும் வேண்டும் என்று ரசிகர்கள் மனுப் போட்டுக் கேட்ட கேம் 'டார்க் சோல்ஸ்'. 2012 ஆகஸ்டில் வந்தது. எந்த ரெசல்யூஷன் வைத்தாலும் உள்ளே படம் 1024×720 அளவில்தான் உருவானது. அதையே பெரிதாக்கித் திரையில் காட்டியது. வேகமும் நொடிக்கு 30 ஃபிரேமோடு சரி. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டும் பயனில்லை.

'டுராண்டே' என்ற புனைபெயர் கொண்ட பீட்டர் தோமன், வெளியான அன்றே 'டிஎஸ்ஃபிக்ஸ்' என்ற இலவச நிரலைத் தந்தார். அதில் ரெசல்யூஷன் எண்ணை மாற்றினால் படம் பளிச்!

பிறகு 60 ஃபிரேமும் வந்தது. ஆனால் கேமின் கணக்கெல்லாம் 30-ஐ நம்பி எழுதியது. ஏணியில் சறுக்கினால் தரைக்குள்ளேயே விழலாம்!

நிறுவனமே 60 ஃபிரேம் தந்தது 2018 மறுபதிப்பில்தான். அதற்கும் தனி விலை! காமர்ஸ் படிக்கும் நண்பர்களே, இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு, உழைப்பு யாருடையது?