சந்தேகப்படுகிறவனுக்குப் பந்தி உண்டா?

மெதடிஸ்ட் பிரசங்கங்களில் ஜான் வெஸ்லியின் கதை எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். விசுவாசம் இல்லையே என்று தவித்தார்; 1738 மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டார்; உள்ளம் அனல்கொண்டது. சந்தேகம் தீர்ந்தது, சுபம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவருடைய நாட்குறிப்பை உட்கார்ந்து படிக்கிறவரைக்கும்.

ஏழே மாசம்தான். 1739 ஜனவரி 4 அன்று, தான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று எழுதுகிறார். மறைத்தும் வைக்கவில்லை, பிறகு தானே அச்சிட்டுவிட்டார்!

ஆல்டர்ஸ்கேட்டுக்கு முன்னால் நடந்ததையும் பார்க்கணும். 1738 மார்ச்சில், விசுவாசம் இல்லாத நான் பிரசங்கிக்கலாமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவிய ஊழியரிடம் கேட்டார் வெஸ்லி. அவர் குருப்பட்டம் பெற்று அப்போதே ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிறுத்தாதீர்கள், விசுவாசம் வரும்வரை அதையே பிரசங்கியுங்கள் என்றார் போலர். முதலில் இது எனக்குப் போலித்தனமாகத்தான் பட்டது. ஆனால் வெஸ்லி அடுத்து போய் நின்றது பெரிய மேடையில் இல்லை; மரண தண்டனை பெற்ற ஒரு கைதியின் முன்னால். அங்கே போய் யார் நடிப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், இதே மொரேவியர்களோடுதான் பிற்பாடு சண்டை வந்தது. 1739 அக்டோபரில் லண்டன் வந்த மோல்ட்டர் என்பவர், ஃபெட்டர் லேன் சபையில் வேறு மாதிரி போதித்தார். முழு விசுவாசம் வராதவர்கள் திருவிருந்தை எடுக்க வேண்டாம், சும்மா அமைதியாகக் காத்திருங்கள் என்றார். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. சந்தேகத்தோடு கோயிலுக்குப் போகிற பலர் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற வாதமும் இதுதானே.

வெஸ்லி ஒத்துக்கொள்ளவில்லை. பந்தி வயிறு நிறைந்தவர்களுக்கு அல்ல, பசித்தவர்களுக்கு. விசுவாசம் பிறப்பதே அங்கேதான் என்று வாதாடினார். அவருடைய அம்மா சூசன்னாவுக்கு, பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் எழுபது வயதில், திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கும்போதுதான் கிடைத்தது. மகன் அதை 1739 செப்டம்பரில் குறித்து வைத்திருக்கிறார். வாதாடும்போது அம்மா நினைவுக்கு வராமலா இருந்திருப்பார் என்பது என் ஊகம். கடைசியில் 1740 ஜூலையில், தன் பக்கம் நின்றவர்களோடு அந்தச் சபையை விட்டே வெளியேறினார்.

அவருடைய சந்தேகம் மட்டும் அவரை விட்டு வெளியேறவில்லை. 1766இல் தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதத்தில், நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருநாளும் நேசித்ததில்லை என்கிறார். மற்றவர் கண்ணில் படாதிருக்கவோ என்னவோ, சில வரிகள் சுருக்கெழுத்தில் இருக்கின்றன. அதே கடிதத்தில், பிரசங்கத்தை மட்டும் மாற்றத் துணியமாட்டேன் என்றும் சொல்கிறார். அப்போது மெதடிஸ்ட் இயக்கம் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

1787இல், மாணவர்களுக்காக ஐம்பத்தைந்து வருஷம் முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் எழுதிய பிரசங்கத்தைத் தேடியெடுத்து வெளியிட்டார். முடிந்தபோதெல்லாம் திருவிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எனக்குத் தகுதியில்லை என்கிறவர்களுக்கும், இத்தனை நாள் எடுத்தும் ஒரு பலனும் தெரியவில்லை என்கிறவர்களுக்கும் அதில் தனித்தனியாகப் பதில் இருக்கிறது. அதில் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ள இதுவரை காரணம் காணவில்லை என்று முன்குறிப்பும் எழுதிச் சேர்த்தார்.