சேற்றில் தங்கிய நஞ்சு: கொல்கத்தா ஈரநிலங்களின் கதை

ஒரு நகரம் தன் கழிவுநீரை எங்கே அனுப்புகிறது என்று பார்த்தால், அதன் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். கொல்கத்தா அதற்கு நல்ல சான்று.

ஹூக்ளி ஆறு நகருக்கு மேற்கே ஓடினாலும், நிலம் சரிவது கிழக்கு நோக்கித்தான். அதனால் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கழிவுநீரைக் கிழக்கே வித்யாதரி ஆற்றுப் பக்கம் திருப்பினர். நாளடைவில் அந்த ஆறு தூர்ந்துபோனது. எஞ்சிய சதுப்பு நிலங்களில் மீன் வளர்த்தவர்கள், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு வழி கண்டனர். கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் அளவோடு விட்டனர். வெயிலில் பாசி வளர்ந்தது. பாசி தந்த உயிர்வாயுவால் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைத்தன. பாசியை மீன் தின்றது. நகரத்துக்குச் சுத்திகரிப்பும் மலிவான மீனும் ஒருசேரக் கிடைத்தன.

இந்த அமைப்பின் அருமையை 1980களில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். 2002ஆம் ஆண்டில் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி, ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்த மீனவர்களின் அறிவுக்கும் கட்டுப்படாத ஒன்று அதே கால்வாய்களில் வந்தது. டாங்ரா, தில்ஜலா, டாப்சியா வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்திருந்தது. டாங்ராவில் அதை நடத்தியவர்களில் பலர், சீனாவிலிருந்து குடியேறிய ஹக்கா மக்கள். தோல் கெடாமலிருக்க அதைக் குரோமிய உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். உப்பு முழுவதும் தோலில் ஏறுவதில்லை. மிச்சம் தண்ணீரோடு வெளியேறும். பிற தொழில்களிலிருந்து ஈயமும் காட்மியமும் சேர்ந்துகொண்டன.

மனிதக் கழிவை நுண்ணுயிர் சிதைத்துவிடும். உலோகத்தை எந்த நுண்ணுயிராலும் சிதைத்து இல்லாமல் செய்ய முடியாது. அது களிமண்ணோடு ஒட்டி அடியில் படியும். மேலே தண்ணீர் தெளிந்திருக்கும்; கீழே நஞ்சு காத்திருக்கும். தூர்வாரும்போது சேற்றில் காற்றுப் பட்டால் உலோகம் மறுபடியும் நீரில் கரையக்கூடும்.

செடிகள் காப்பாற்றாதா? ஓரளவு காப்பாற்றும். குளக்கரை அலையில் கரையாமலிருக்க மீனவர்கள் வளர்க்கும் ஆகாயத்தாமரை, உலோகங்களை உறிஞ்சிப் பெரும்பகுதியை வேரில் வைத்துக்கொள்கிறது. ஆனால் செடி அங்கேயே அழுகினால், எடுத்ததெல்லாம் மறுபடியும் சேற்றுக்கே போய்ச் சேரும். அறுத்து அகற்றினால்தான் பயன். அகற்றியதை மாட்டுத் தீவனமாகவோ எருவாகவோ போட்டால், நஞ்சு வேறு வழியில் வீட்டுக்கு வரலாம்.

1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், சுமார் 550 தோல் பதனிடும் ஆலைகளை நகரைவிட்டு இடம் மாற்ற உத்தரவிட்டது. அவற்றுக்காக பன்தலாவில் அமைந்த தோல் தொழில் வளாகம் 2005இல் திறக்கப்பட்டது. அதுவும் அதே ஈரநிலத்தை ஒட்டிய இடம்தான். ஆலை இடம் மாறியது; பல ஆண்டுகளாகப் படிந்த சேறு இடம் மாறவில்லை.

வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஒரே கால்வாயில் கலந்ததுதான் இங்கே நேர்ந்த பிழை. கலந்தபின் பிரிப்பது பெரும்பாடு. ஆலை வாசலிலேயே உலோகத்தைப் பிரித்தெடுத்துவிட்டால், மீதி வேலையைக் குளமும் வெயிலும் மீனும் பார்த்துக்கொள்ளும். சதுப்பு நிலத்தை நம்பி வாழும் மீனவருக்கு நகரம் செய்ய வேண்டிய கைம்மாறும் அதுவே.